ஐந்து பேரின் மஃரிபு

அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் நாங்கள் கூடித் தொழுத இடம் முன்பு கரிக்கடையாக இருந்தது. இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் சுவரின் கீழ்ப்பக்கத்துக் கறுப்பு போகவில்லை. கூரை தகரம். மழை பெய்தால் முன்னால் நிற்பவர் ஓதுவது பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. அவர் குனிகிறாரா என்று கண்ணால் பார்த்துத்தான் நாமும் குனிய வேண்டும். வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி, நாலைந்து தகரக் குவளைகள். பாய்கள் அவரவர் வீட்டிலிருந்து வந்தவை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் பட்டாளத் தண்டுப் பக்கம் இருந்த பெரிய பள்ளிவாசலுக்குப் போவோம். அங்கே பிரசங்கம் உருதுவில். நான் சுதந்திரம் வந்த மறுவருஷம் வட ஆற்காட்டிலிருந்து பெங்களூருக்கு வந்தவன்; வீட்டில் பேசுவது தமிழ். பிரசங்கத்தில் பாதிதான் புரியும், ஆமீன் சொல்ல வேண்டிய இடம் மட்டும் தவறாமல் தெரியும். மற்ற நாட்களில் இந்தத் தகரக் கூரைதான். இங்கே தமிழில் சிரிப்போம், தமிழில் சண்டை போடுவோம், பாங்கு சொன்னதும் எல்லோரும் அரபியில் தொழுவோம். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தத் தொட்டித் தண்ணீரின் குளிர்ச்சி கையில் தெரிகிறது.

எங்களுக்குத் தொழுகை நடத்திவந்த ஹஜ்ரத் ஒரு குளிர்காலத்தில் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போனார். ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். போகும்போது, திரும்பி வரும்வரை நீதான் முன்னால் நிற்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அல்சூர் கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தவன். படிப்பு எட்டாவது. குர்ஆனின் கடைசியில் வரும் சின்ன ஸூராக்களில் பத்துப் பன்னிரண்டு பிழையில்லாமல் ஓதுவேன். அதற்கு மேல் எனக்கிருந்த ஒரே தகுதி, ஒருநாளும் வராமல் இருந்ததில்லை என்பதுதான்.

இதில் மனம் வாடியவர் ஒருவர் இருந்தார். பட்டாளத்து மெஸ்ஸில் சமையல்காரராக இருந்து பென்ஷன் வாங்கியவர். உலகச் சண்டையின்போது எகிப்து வரை போய் வந்தவர். எங்கள் இடத்தில் பாங்கு சொல்வது அவர்தான். அப்படி ஒரு குரலை நான் பிறகு கேட்டதில்லை. ஆனால் அவருக்கு ஸூரா இரண்டே இரண்டுதான் தெரியும். அரபு நாட்டில் அரபிகளோடு நின்று தொழுதவன் இருக்கும்போது ஊசிக்காரனைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டார்களே என்று அவருக்கு மனக்குறை. தினமும் நான் உள்ளே நுழையும்போது ஒரு குத்தல் இருக்கும். "என்னா டெய்லர் இமாம், இன்னைக்கு அளவு சரியா வருமா?" என்பார். நான் சிரித்துக்கொண்டே குவளையை எடுப்பேன்.

தொழுகைக்கு முன்னால் முகமும் கையும் காலும் கழுவி, தலையை ஈரக் கையால் தடவி நாங்கள் ஒளு செய்வோம். ஒளு இல்லாமல் தொழுகை இல்லை. ஒரு தடவை செய்த ஒளு முறியாமல் இருந்தால் அடுத்த வேளைக்கும் அதுவே போதும். ஹனஃபி மத்ஹப் என்ற சட்டப்பிரிவைப் பின்பற்றும் எங்களுக்கு, உடம்பிலிருந்து ரத்தம் வழிந்தால் ஒளு முறிந்துவிடும். சின்ன வயதிலேயே அத்தா சொல்லிக்கொடுத்த பாடம் இது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

அன்றைக்கு அஸரை, அதாவது சாயங்காலத் தொழுகையை, கடையிலேயே தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். பட்டாளத்துக் கோட்டுகள் ஒரு கட்டு மறுநாள் கொடுக்க வேண்டியிருந்தது. தடித்த கம்பளித் துணியில் பொத்தான் வைக்கும்போது ஊசி வழுக்கி நகக்கண்ணுக்குள் போய்விட்டது. ரத்தம் சொட்டியது. கோட்டில் பட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் ஒரு துண்டுத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு வேலையை முடித்தேன். வெளியே பார்த்தால் சூரியன் விழுந்துகொண்டிருக்கிறது. மஃரிபு தொழுகைக்கு நேரம் மிகவும் குறைவு. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். நான் வாசலில் இறங்கவும் பென்ஷன்காரர் பாங்கை முடிக்கவும் சரியாக இருந்தது. அஸருக்குச் செய்த ஒளு இருக்கிறது என்ற நினைப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நேராக முன்னால் போய் நின்றேன்.

பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். பென்ஷன்காரர், பக்கத்து டீக்கடைக்காரர், கீழக்கரையிலிருந்து வந்து துணி வியாபாரம் செய்த ஒரு வாலிபர், யாரையோ பார்க்க அந்தப் பக்கம் வந்திருந்த ஸ்ரீராம்புரத்து மில் தொழிலாளி. ஐந்தாவது ஆள் எங்களுக்குப் புதியவர். முப்பத்தைந்து நாற்பது வயதிருக்கும், மண் படிந்த வேட்டி, தலையில் துண்டு.

மஃரிபு மூன்று ரக்அத், அதாவது மூன்று சுற்று. முதல் ரக்அத்தில் நான் ஓதிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒருவர் விசும்பும் சத்தம் கேட்டது. தொழுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. மூன்றாவது ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைத்தபோது அந்தச் சத்தம் அதிகமானது. வழக்கத்தைவிட நேரம் கொடுத்து மெதுவாக எழுந்தேன்.

தொழுகை முடிந்ததும் அந்தப் புதியவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பதினொரு வருஷம் ஆச்சு பாய். இன்னைக்குத்தான் நெத்தி தரையில பட்டுது" என்றார். மனைவி பட்டணத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடப்பதாகவும், தான் ஒயிட்ஃபீல்டில் ஒரு துரைசானி வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்வதாகவும், அல்சூருக்கு வேலையாக வந்த இடத்தில் பாங்கைக் கேட்டுக் கால் தானாக உள்ளே வந்துவிட்டதாகவும் சொன்னார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். அன்றைக்கு எனக்கு மனதுக்குள் எவ்வளவு சந்தோஷம். நான் ஓதியதைக் கேட்டு ஒரு மனிதர் அல்லாஹ்விடம் திரும்பியிருக்கிறார் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இஷா என்ற இராத் தொழுகைக்கு ஒளு செய்யத் தொட்டியருகே உட்கார்ந்தேன். விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தால் ஒட்டிக்கொண்டு வரவில்லை. தண்ணீரில் நனைத்து இழுத்தேன். காய்ந்த ரத்தம் கரைந்து குவளையில் இறங்கியது. அப்போதுதான் உறைத்தது.

ஒருவன் தனியாகத் தொழுது தப்பு செய்தால் அது அவனோடு போகும். முன்னால் நிற்பவன் ஒளு இல்லாமல் நின்றால் பின்னால் நிற்பவர்கள் தொழுகையும் கூடாது, செல்லாமல் போய்விடும். ஐந்து பேரின் மஃரிபை நான் கெடுத்திருக்கிறேன். அவர்களுக்கு அது தெரியாது.

என் மஃரிபை முதலில் ஒரு மூலையில் திரும்பத் தொழுதேன். நான் எதைத் தொழுகிறேன் என்று யாரும் கவனிக்கவில்லை. பிறகு இஷாவுக்கு முன்னால் போய் நின்றேன். அப்போது பென்ஷன்காரரும் டீக்கடைக்காரரும் அங்கேதான் இருந்தார்கள். வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பென்ஷன்காரர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. தொழுகை நடத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வீட்டில் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனைவி என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. "காலையிலேயே சொல்லிடுங்க. நாளானா வாய் வராது" என்றாள். அப்புறம், துணியைத் தப்பா வெட்டிட்டா கடைக்காரர்கிட்ட அன்னைக்கே சொல்லணும்னு நீங்கதானே சொல்வீங்க என்று கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூங்கவைக்கப் போனாள்.

விடியற்காலைத் தொழுகைக்கு முன்பே சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் நல்ல மனிதர், அல்லாஹ் பொறுப்பான் என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் மூன்று ரக்அத் தொழ ஆரம்பித்தார். பென்ஷன்காரரும் தொழுது முடித்துவிட்டு என்னிடம் வந்தார். இனிமேல் நீங்களே முன்னால் நில்லுங்கள் என்று நான் அவரிடம் சொன்னேன்.

"ரெண்டு ஸூராவை வெச்சுக்கினு நான் என்னா மேன் பண்றது? நீயே நில்லு" என்றார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "மிலிட்டரில ஒருத்தன் தானா வந்து தப்பைச் சொன்னா, மொத ரெண்டு நாள் பனிஷ்மெண்ட் குடுப்பான். மூணாவது நாள் தோள்ல ஒரு பட்டை ஏத்துவான். உனக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றார். அந்த இரண்டு நாளும் அவர் வாய்க்கு நான் தப்பவில்லை.

மத்தியானம் பெரிய பள்ளிவாசலுக்குப் போய் அங்கிருந்த ஹஜ்ரத்திடம் எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உன் பின்னால் நின்றவர்கள் யார் என்று தெரிந்தால் தெரிந்தவரைக்கும் சொல்லிவிடு, நேரில் முடியாவிட்டால் கடிதம் போடு, ஆள் அனுப்பு, உன் சக்திக்கு மேல் உன்னிடம் கேள்வி இல்லை என்றார். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்தபடி சக்தி என்ற சொல்லைச் சொன்னபோது, ஒயிட்ஃபீல்ட் என் சக்திக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற கணக்கு எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

சாயங்காலம் கீழக்கரை வாலிபரிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஷாஃபி மத்ஹப்; அண்ணன் என்பதை அவர்கள் ஊரில் காக்கா என்பார்கள். "காக்கா, எங்க மத்ஹபுல ரத்தம் வந்தா ஒளு முறியாது. எனக்கு அந்த மஃரிபு கூடிடுச்சு. நீங்க ஒங்க ஆளுகளப் பாருங்க" என்றார். அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை வந்தது தெரியுமா. அந்தத் தோட்டக்காரரும் தென்பக்கத்து ஷாஃபியாக இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். வாய்விட்டும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பென்ஷன்காரர் அதை உடைத்தார். தான் அவர் தோளோடு தோளாக நின்றதாகவும், அவர் தொப்புளுக்குக் கீழேதான் கை கட்டியதாகவும், குனியும்போது கையைத் தூக்கவில்லை என்றும், சந்தேகமே இல்லாமல் நம்மைப் போல ஹனஃபிதான் என்றும் சொன்னார். பட்டாளத்துக் கண்.

ஸ்ரீராம்புரத்துக்கு அடுத்த நாள் வேலை முடிந்ததும் சைக்கிளில் போனேன். வீடும் வீடும் ஒட்டிய சந்துகள். நாலு இடத்தில் கேட்டு அந்த மில் தொழிலாளி வீட்டைக் கண்டுபிடித்தேன். தொப்பி போட்டவன் வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா யாராவது தவறிவிட்டார்களா என்று பதறிப்போய்க் கேட்டார்கள். யாரும் தவறவில்லை, நான்தான் தவறினேன் என்று எப்படிச் சொல்வது. அவர் ஷிப்டு முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஈரத் தலையோடு அங்கேயே துண்டை விரித்துத் தொழுது முடித்தார். பிறகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டபடி சந்து முனைவரை என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மிச்சம் ஒருவர்.

அவர் விஷயத்தில் எங்கள் தகரக் கூரையின் கீழ் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. சொல்லாதே என்று தடுத்தது, யாரும் எதிர்பார்க்காத ஆள், பென்ஷன்காரர்தான். அன்றைக்கு அவர் குரலில் குத்தலே இல்லை. "அவனை விட்டுடு மேன். பதினொரு வருஷம் கழிச்சு வந்தவன். நீ போய் அதுவும் செல்லலைன்னு சொன்னா, அவன் மறுபடி போயிடுவான். அப்புறம் அந்தப் பாவத்தை எங்க கொண்டு போய் வெப்பே?" என்றார். டீக்கடைக்காரரும் தலையாட்டினார். எனக்கும் அதுதான் பயம். ஒரு மனிதர் தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்திருக்கிறார். போய், நீங்கள் வந்தது வராத கணக்குதான் என்று நான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். அவர் தன்னிடம் இருப்பது ஒரு தொழுகை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அது பழுது என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் அவருக்கு நல்லது என்று முடிவு செய்ய நான் யார்? தையல் கடைக்கு வந்த துணி என்னுடையதாகிவிடுமா? அப்படித்தான் அவருடைய மஃரிபும். ஆனால் அவர் மறுபடி போய்விட்டால் என்ற பயம் மட்டும் போகவில்லை. அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். வேறென்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் பழைய மெட்ராஸ் ரோட்டில் சைக்கிளை விட்டேன். இப்போது அந்த வழியில் பஸ்ஸில் போனாலே பாதி நாள் ஆகிறது; அன்றைக்குப் புளியமர நிழலும் மாட்டு வண்டிகளும்தான். கே.ஆர்.புரம் தாண்டி மண் ரோட்டில் திரும்பினேன். ஒயிட்ஃபீல்டில் ஓட்டு வீடுகள், வேலி வேலியாகத் தோட்டம், வெள்ளைக்காரத் தாத்தாக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில், தோட்ட வேலை செய்யும் சாயபு, மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்று கேட்டேன். சர்ச்சுக்குப் பின்னால் என்று கை காட்டினார்.

எலுமிச்சை மரங்களுக்கு நடுவில் அவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஸலாம் சொன்னார். தோட்டத்து மூலையில் இருந்த சின்ன வீட்டு வாசலில் ஒரு பெண் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று நாளைக்கு முன்னால் வந்துவிட்டாராம். இந்தச் சந்தோஷத்தின் நடுவில் சொல்ல வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ஊசி, ரத்தம், ஒளு, என் மறதி, அன்றைக்கு உங்கள் தொழுகை கூடவில்லை, தயவு செய்து திரும்பத் தொழுதுகொள்ளுங்கள், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் முகம் சுருங்கியது. "இதைச் சொல்லவா வந்தீங்க?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் சுருக்கமாகவே எழுதுகிறேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இறந்துபோயிருக்கிறது. தலைமாட்டில் உட்கார்ந்து விடிய விடியத் தொழுதும் போய்விட்டது. அன்றைக்குத் தொழுகையை விட்டவர்தான். எங்கள் இடத்தில் அன்று நெற்றியை வைத்தபோது, இவளையாவது விட்டுவிடு என்று கேட்டாராம்.

வாசலில் இருந்த அந்த அம்மா மெல்லிய குரலில், "அன்னைக்கு ராவுலதான் எனக்குக் காய்ச்சல் விட்டுது" என்றார்.

"இப்ப சொல்லுங்க பாய். தொழுகையே கூடலைன்னா, கேட்டது எப்படிக் கெடைச்சுது?"

நான் எட்டாவது படித்தவன். அந்தக் கேள்விக்கு மார்க்கம் படித்த ஒரு ஆலிம் அழகாகப் பதில் சொல்லியிருப்பார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "தொழுகைக்கு இருக்கிற சட்டம்தான் எனக்குத் தெரியும். குடுக்கிறவனுக்கு ஒரு சட்டம் இருக்கா, அது எனக்குத் தெரியாது. அவன் உங்களுக்கு என் ஒளுவைப் பாத்துக் குடுக்கலை. ஆனா அந்த மூணு ரக்அத் இன்னும் உங்க பேர்லதான் இருக்கு."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலை அடைத்தார். அடுத்த பாத்திக்குத் திருப்பினார். அது நிரம்பும்வரை குனிந்தே நின்றார். அப்புறம் இன்னொரு பாத்தி. நான் வேலியோரம் நின்றேன். பென்ஷன்காரர் சொன்னது சரிதான், கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். கிளம்பலாமா என்று சைக்கிளைப் பார்த்தேன். அந்த அம்மாவும் என்னைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாத்தி நிரம்பியதும் அவர் நிமிர்ந்தார். "மூணு ரக்அத் தானே?" என்றார்.

மூன்றுதான் என்றேன்.

கிணற்றடியில் அவர் ஒளு செய்தார். பதினொரு வருஷம் விட்டவர் போலவே இல்லை, ஒவ்வொரு உறுப்பையும் மூன்று தடவை நிதானமாகக் கழுவினார். எலுமிச்சை நிழலில் துண்டை விரித்து மேற்கே பார்த்து நின்றார். அவரோடு சேர்ந்து நிற்க எனக்கு ஆசை. ஆனால் என் மஃரிபை நான் அன்றே திரும்பத் தொழுதுவிட்டேன். தொழுது முடித்தவன் பின்னால் அந்தத் தொழுகையை அவர் நிறைவேற்ற முடியாது. அதனால் ஒரு ஓரமாக, அவருக்கு இடது பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஓதும்போது ஓரிடத்தில் மறந்து நின்றார், திரும்ப முதலிலிருந்து எடுத்தார். இந்தத் தடவை அழவில்லை.

தொழுகையின் முடிவில் வலப்பக்கமும் இடப்பக்கமும் முகத்தைத் திருப்பி ஸலாம் சொல்ல வேண்டும். வலப்பக்கம் எலுமிச்சை மரங்களுக்குச் சொன்னார். இடப்பக்கம் திரும்பியபோது அங்கே நான் இருந்தேன். தொழுகை முடிக்கிறவரின் ஸலாமுக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் இரண்டு குவளை கொண்டுவந்து வாசலில் வைத்தார். மறுபடி நடமாட ஆரம்பித்த பிறகு அவர் கலந்த முதல் தண்ணீர் அது என்று அவர் புருஷன் சொன்னார். குடித்தோம்.

வெயில் சாய்ந்து நிழல் நீண்டுவிட்டது. அஸர் நேரம். துண்டை அவர் மடிக்கவில்லை. அதன் பக்கத்தில் கிடந்த ஒரு கோணிப்பையை உதறி, துண்டுக்குக் கொஞ்சம் முன்னால் எனக்காக விரித்தார். வேண்டாம், நீங்களே நில்லுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளியவர், திடீரென்று நிறுத்தி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒளு இருக்கா பாய்?"

வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா போர்வையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். லுஹருக்குச் செய்த ஒளு எனக்கு இருந்தது. ஆனாலும் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் பின்னாலேயே வந்து வாளியைச் சாய்த்து, என் கைகளில் தண்ணீர் ஊற்றினார்.